கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 41 அடி

இருபத்துநாலு நாள் லீவில் பாதியை ஒரு மலக்குழிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நல்லூர்த் தேர் பார்த்தது, கீரிமலையில் குளித்தது எல்லாம் போட்டோவில் இருக்கிறது, விரும்பியவர்கள் பாருங்கள். இது மலக்குழிக் கதை.

அம்மாவுக்கு 81 வயது. எங்கள் வளவில், அந்தக் காலத்து எல்லா வளவிலும் போல, கக்கூஸ் வீட்டுப் பின்பக்கக் கோடிக்கும் அப்பால். சின்ன வயதில் இரவில் போவதென்றால் ரோச் லைற்றும் துணைக்கு அண்ணாவும் வேண்டும். இப்போது அம்மாவுக்கு ரோச் மட்டும்தான் துணை. போன மாரிக்கு வழுக்கி விழுந்து கை வீங்கிய பிறகு, அறையோடு ஒட்டி எட்டுக்கு ஆறடியில் ஒரு குளியலறை கட்டுவதென்று முடிவானது. முந்தி என்றால் மேசன் வந்து ஒரு தடியால் நிலத்தில் கோடு கீறுவார், பின்னேரமே அத்திவாரம் வெட்டுவார்கள். "இப்ப அப்பிடி ஏலாது தம்பி. சபையில படம் பாஸாகாமல் கல்லுப் பறிச்சால் கடிதம் வரும்" என்றார் அதே மேசன்.

சரி, எனக்கென்ன பயம்? 2019இல் லண்டனில் குசினியைப் பக்கமும் பின்னுமாக இழுத்துக் கட்டக் கவுன்சிலில் அனுமதி எடுத்தவன் நான். 206 பவுண் கட்டி, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டு எட்டுக் கிழமை காத்திருந்தேன். தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸைக் கட்டி, அயலவர்கள் கருத்துச் சொல்ல 21 நாள் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் கோடு போட்டு, என் சுவர் அவர்களுடைய வெளிச்சத்தைத் தின்னுமா என்று பார்த்தார்கள். வந்த அதிகாரி போனில் நாலு படம் எடுத்தார், பத்து நிமிடத்தில் போய்விட்டார். குசினித் தண்ணீர் எங்கே போகிறதென்று அவர் கேட்கவில்லை. தெருவுக்கு அடியில் போகிறது, அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

ஆகவே வலிகாமத்தில் எங்கள் பகுதிப் பிரதேச சபைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். காணி உறுதிக் கொப்பி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, கட்டடப் படம், விண்ணப்பப் படிவம். மூன்று தரம் அலைந்தேன். ஒருநாள் படம் கீறினவர் ஒரு தாளில் கையெழுத்து வைக்க மறந்திருந்தார். மறுநாள் உரிய ஆள் கூட்டத்தில். லண்டனில் இதே பிழைக்கு இணையத்தளம் சிவப்பு எழுத்தில் துப்பிவிடும். இங்கே கவுண்டரில் இருந்த பிள்ளை, "அண்ணா, மூண்டாவது தாளில சைன் இல்லை, எனக்கே கவலையாக்கிடக்கு" என்றாள். கோபிக்கவும் முடியவில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதம்தான் முடிந்திருந்தது. தம்பி முறையான ஒருவன், "புது மெம்பர் ஒராளைத் தெரியும், ஒரு கோல் அடிப்பமே?" என்றான். சிபாரிசுக் கலாச்சாரத்தால்தான் நாடு இப்படிக் கிடக்கிறது என்று அவனுக்கு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். நாலாம் நாள் நானே மெதுவாகக் கேட்டேன். மெம்பர் போன் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை, காலை 10 மணிக்கு இடம் பார்க்க வருவோம் என்றார்கள். 10:20க்கு வந்தார்கள். லண்டனில் கேஸ்காரன் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இடையில் வருவேன் என்று சொல்லிவிட்டு வராமலே விடுவான். எனக்கு இது பெரிய விஷயம். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில். இருவருமே என் மூத்த மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள்.

"மலக்குழி எங்கையண்ணை வருது?" என்று பி.எச்.ஐ. கேட்டார். மேற்கு வேலியோரம் காட்டினேன். அவர் நான் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை, தலையைச் சரித்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். தகர வேலிக்கு அங்கால் ஒரு தண்ணி மோட்டர் இரைந்தது.

"அங்கால கிணறோ?"

"ஓம், அது அவையின்ர."

"படத்தில காணேல்லை."

"அது எங்கட காணி இல்லையே, தம்பி."

"தண்ணிக்கு வேலி தெரியுமே, அண்ணை?"

பக்கத்து வளவு மாமியும் அம்மாவும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மாமியைக் கூப்பிட்டு, தகரத்தில் துருப்பிடித்த ஓட்டையால் ரேப்பின் நுனியை அங்கால் தள்ளினார் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மாமி அதைச் சாரைப்பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் பிடித்தார். இந்தப் பக்கம், குழி வரவேண்டிய இடத்தில் நான் அடித்து வைத்த முளையில் மற்ற நுனி. வேலிக்கு இரு பக்கமும் நாலு பேர் மூச்சு விடாமல் நின்றோம்.

41 அடி.

"அம்பதாவது வேணும், அண்ணை."

எனக்கு ஏறிவிட்டது. ஒன்பது அடிக்காகப் பன்னிரண்டு நாளா? லண்டனில் இப்படியா என்று தொடங்கினேன். அந்தப் பொடியன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குதிக்காலால் மண்ணைக் கிண்டினான். செம்மண், அதற்குக் கீழே கொஞ்சத்திலேயே வெள்ளையாகக் கல்லு. "இது சுண்ணாம்புக்கல். முழுக்க வெடிப்பும் பொந்தும். குழிக்குள்ள போறது மண்ணில வடிஞ்சு போறதெண்டு நினைக்காதையுங்கோ, ஓடிப்போகும்." பசளையாலும் மலக்குழியாலும் யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடப்பது எனக்குத் தெரியாததல்ல. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது லண்டனிலிருந்து நானும் பெட்டிசத்தில் கையெழுத்து வைத்தவன். வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு, கிணற்றை விட்டால் வேறென்ன இருக்கிறதென்று அப்போது பெரிதாக எழுதினேன். என்னுடைய குழி என்று வந்தபோதுதான் ஒன்பது அடி எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

இதற்கிடையில் மற்றவர் கோப்பைப் புரட்டி உறுதியில் ஒரு வரியை விரலால் தொட்டு வாசித்தார். "...மேற்குப்புறக் காணியிலுள்ள கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்..." நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை, இது உங்கட கிணறும்தான்."

அந்த உறுதி ஸ்கான் பண்ணப்பட்டுப் பதினைந்து வருடமாக என் கணினியில் கிடக்கிறது. பெயரையும் பரப்பளவையும் தவிர ஒரு சொல் நான் வாசித்ததில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். விறாந்தையில் இருந்தபடியே, "ஏன், எனக்குத் தெரியாதே?" என்றா.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அந்தப் பழைய வாய்க்காலுக்குக் குறுக்கே தகரம் நின்றதாம். தகரம் அடித்தது யார், அதற்கு முதல் வாளியைத் தூக்கி எறிந்தது யார் என்பதற்கு இரண்டு வளவிலும் இரண்டு வரலாறு உண்டு. அதன்பின் அம்மா கிழக்குப் பக்கத்து அண்ணையின் கிணற்றில் அள்ளினா, இப்போது குழாய். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024இல் திறந்தார்கள் அல்லவா, அந்தத் தண்ணிதான் தனக்கு வருகிறதென்று அம்மா சொல்லிக்கொள்கிறா. சொந்தப் பங்குக் கிணறு 41 அடியில் இருக்க, கடலில் உப்பை எடுத்து அனுப்பும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரேப்பைச் சுருட்டும்போது வேலிக்கு மேலால் மாமியின் குரல் வந்தது: "அளந்ததுதான் அளந்தியள், வேலியையும் ஒருக்கா அளவுங்கோ. ஒவ்வொரு மாரிக்கும் கதியால் எங்கட பக்கம்தான் நடந்து வருது." தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, "அதுக்குக் கோடு இருக்கம்மா" என்றார், கோர்ட்டைத்தான் சொன்னார். சோடா உடைத்து நீட்டினேன். வேண்டாம், தண்ணி போதும் என்றார் பி.எச்.ஐ. வாங்கும்போது, "குழாய்த் தண்ணியோ, கிணத்துத் தண்ணியோ?" என்று கேட்டார். அந்த நேரத்தில் சிரிக்க எனக்கு மனமில்லை.

குழி இனி முன்பக்கம், கேற்றுக்குக் கிட்ட, மல்லிகைப் பந்தலடியில்தான் வரமுடியும். குளியலறையிலிருந்து அவ்வளவு தூரம் குழாய். "வாசலிலை மலக்குழியோ? வீட்டுக்கு வாஸ்து பார்த்து நிலையம் எடுத்துத் தந்த சாத்திரியார் எழும்பி வருவார்" என்று அம்மா ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. படத்தைத் திரும்பக் கீறவேண்டும். அனுமதிக் குழுவோ மாதம் ஒருமுறைதான் கூடுமாம், அந்த மாதக் கூட்டம் முதல்நாள்தான் முடிந்திருந்தது. அடுத்தது நான் விமானம் ஏறி இரண்டு கிழமைக்கும் பிறகு.

கவுண்டருக்குப் போய்க் கத்தினேன். முதல் நாளே கிணறு இருக்கா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இத்தனை அலைச்சல் ஏன்? அந்தப் பிள்ளை படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். கேள்வி இருந்தது. அயற்காணிக் கிணறுகளுக்கான தூரம். படம் கீறினவர் தன் அழகான எழுத்தில் "இல்லை" என்று நிரப்பியிருந்தார். கீழே என் கையெழுத்து.

அனுமதி ஆறாம் கிழமை வந்தது. லண்டனின் எட்டைவிட இரண்டு குறைவு என்று மனைவி கணக்குச் சொன்னா. அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கிணற்றைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்கள். மல்லிகையை வெட்டவில்லையாம், பந்தலைத்தான் மேசன் நாலடி தள்ளி நட்டிருக்கிறார்.

அதற்குப் பின்னால் இன்னொரு படம். கொப்பித் தாளில் மாமியின் எழுத்து. 1997இல் கிணறு இறைத்துச் சேறு எடுத்த கூலி, கட்டுப் பூசிய சீமெந்து, இரண்டு மோட்டர், மூன்று தரம் கொயில் சுற்றிய காசு, கூட்டி மூன்றால் பிரித்திருந்தது. கீழே ஒரு வரி: தம்பி பவுணில் அனுப்பினாலும் சரி.