லண்டனில் ஆறு வருடம்: என் சுவிஸ் சாப்பாட்டில் எது கிடைத்தது, எது கிடைக்கவே இல்லை

ஊர்ச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்குகிறது என்று இங்கே யாரிடமாவது வாய்விட்டால் போதும், அடுத்த ஞாயிறே இடியப்பமும் சொதியும் வைத்துக் கூப்பிட்டுவிடுவார்கள். அன்புதான், சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். ஆனால் தமிழர் நிறைய வாழும் லண்டன் ஹாரோவில் இருப்பவளுக்கு இடியப்பத்துக்கு என்ன பஞ்சம்? முருங்கைக்காய் வாங்க ஐந்து நிமிடம் நடந்தால் போதும். நான் பிறந்து வளர்ந்தது சுவிஸில், பேர்ன் நகரத்துப் பும்ப்ளிட்ஸில். எனக்கு ஊர் ருசி என்றால் அரோமாட் என்ற சுவைத்தூள் தூவிய அவித்த முட்டை.

சொக்லேட்டையும் சீஸையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அசல் குரூயேர் சீஸ் இங்கே பெரிய கடைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. உருக்கிய சீஸில் பாண் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டூவுக்கு அதோடு பாதிக்குப் பாதி சேர்க்கும் வஷெரான் ஃபிரிபூர்ஜுவா என்ற சீஸுக்குத்தான் சீஸ் மட்டுமே விற்கும் கடைகளுக்கு அலைய வேண்டும், விலையும் கொஞ்சம் கடிக்கும். கிடைக்காத நாளில் குரூயேரை மட்டும் போட்டால் கயிறு கயிறாக இழுக்கும், வழவழப்பு வராது.

அரோமாட் கதை வேறு. அப்பா எண்பதுகளில் சுவிஸுக்கு வந்து, உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் சுவிஸ் பழக்கம் இந்த மஞ்சள் டப்பாதான். உப்பு, குளூட்டமேட், கொஞ்சம் வாசனைப் பொருள், அவ்வளவுதான் விஷயம். அங்கே பழைய உணவகங்களில் உப்பு, மிளகோடு மேசையிலேயே நிற்கும். லண்டனில் முதல் வருடம் முழுக்கத் தேடினேன். கடைசியில் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? தென்னாப்பிரிக்கச் சாமான் விற்கும் ஒரு கடையில். அந்த நாட்டில் அது வீட்டுக்கு வீடு இருக்கும் பொருளாம். டப்பா கிட்டத்தட்ட அதே மாதிரி, ருசி அதே மாதிரி இல்லை. என் நாக்குக்கு உப்பு ஒரு படி தூக்கல். முட்டைக்கு ஓடும், வெள்ளரிக்காய்க்கு ஓடாது.

பெயர் ஒத்திருந்தால் ஏமாற்றம் இரட்டிப்பாகும் என்பதற்குப் பாலில் கரைத்துக் குடிக்கும் மால்ட் தூளான ஓவல்டின் இன்னொரு சாட்சி. இது 1904இல் பேர்னில் பிறந்தது, அங்கே பெயர் ஓவோமால்டினே, நாங்கள் ஓவோ என்போம். பிரிட்டனில் பெயரைப் பதியும்போது எழுத்து விடுபட்டுத்தான் ஓவல்டின் ஆனது என்பார்கள். நான் வாங்கிய இங்கத்தைய டப்பாவில் இனிப்பு முன்னால் வந்தது, மால்ட்டின் அந்த மெல்லிய கசப்பு பின்னால் எங்கோ போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஓவல்டின் குடித்து வளர்ந்த அம்மாவுக்கு இதுதான் சரியான ருசி. வாக்குவாதம் முடிந்தபாடில்லை.

ரிவெல்லா பற்றித் தெரியாதவர்களுக்கு: சீஸ் செய்தபின் மிஞ்சும் பால் தெளிநீரில் காஸ் ஏற்றிய சோடா. 1952இலிருந்து விற்கிறார்கள். கேட்டவுடன் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள். லண்டன் கடைகளில் நான் கண்டதில்லை. நெதர்லாந்தில் சாதாரணமாகக் கிடைக்கிறது, ஆம்ஸ்டர்டாம் போனால் முதல் வேலை அதுதான். இணையத்தில் ஒரு கடையில் ஒருமுறை ஆறு போத்தல் வரவழைத்தேன். அனுப்பும் கூலி போத்தல் விலையைத் தாண்டியது, அதில் ஒன்று உடைந்து மிச்சம் ஐந்தும் பிசுபிசுவென்று வந்து சேர்ந்தன. மறுபடி செய்யமாட்டேன்.

செர்வெலாவுக்குத்தான் மாற்றே இல்லை. குட்டையாக, லேசாக வளைந்த சொசேஜ். ஆகஸ்ட் 1, தேசிய நாள் இரவில் இரண்டு முனையிலும் கத்தியால் சிலுவை போட்டுக் குச்சியில் குத்தி நெருப்பில் காட்டினால் முனைகள் பூப்போல விரியும். அந்த விரிவுக்குக் காரணம் தோல். பிரேசில் செபு மாட்டின் குடலைத்தான் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். 2006இல் ஐரோப்பாவில் அதற்குத் தடை வந்தபோது, தேசியச் சொசேஜே போச்சு என்று ஊரே கலங்கியது. இங்கே கிடைக்கும் ஜெர்மன் சொசேஜ் எத்தனையோ வாங்கிக் கீறிப் பார்த்தேன். வெடிக்கிறது, விரியவில்லை. முன்பெல்லாம் அம்மா காற்றெடுத்துப் பொதி செய்து பெட்டிக்குள் வைத்துவிடுவார். அவர் மாடு தொடமாட்டார், அவருக்குக் கோழி செர்வெலா, எனக்கு அசல். 2025 ஏப்ரலிலிருந்து அதுவும் நின்றது. கோமாரி நோய்ப் பயத்தால் பயணிகள் மாட்டு, பன்றி இறைச்சி, சீஸ் எதையும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை.

சரி, வென்ற கதை ஒன்றாவது சொல்ல வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை வெண்ணெய்ப் பின்னல் பாண், ட்சோப்ஃப். அங்கே அதற்கென்றே ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகை கலந்த மா விற்கிறார்கள். இங்கே பாணுக்கான கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு ஸ்பெல்ட் மா கலக்கிறேன். ஈஸ்ட்தான் சிக்கல். நான் காய்ந்த குருணையில் செய்தவை எல்லாம் மணமில்லாமல் வந்தன. ஈரக்கட்டி ஈஸ்ட் போலந்துக் கடைக் குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு கிலோ மாவுக்கு 120 கிராம் வெண்ணெய், ஆறு டெசிலிட்டர் (600 மில்லி) பால், உப்பு, 42 கிராம் ஈஸ்ட். சீனி போடமாட்டேன். பின்னுவது தலைப்பின்னல் போல மூன்று காலில் அல்ல. இரண்டு நீளத் திரிகளைக் கூட்டல் குறியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எதிரெதிர் முனைகளை மாற்றி மாற்றி மடக்க வேண்டும். பின்னல் மேலே எழும்பி நிற்கும். முட்டை மஞ்சள் இரண்டு தடவை பூசுங்கள், ஒருமுறை போதாது. நான்காவது வருடம்தான் எனக்குச் சரியாக வந்தது.

பெட்டியில் இப்போது நான் கொண்டுவருவது அசல் அரோமாட், பிறகு டியூபில் வரும் செனோவிஸ். பியர் ஈஸ்ட்டில் செய்த பழுப்புப் பசை அது, வெண்ணெய் தடவிய பாணின்மேல் இழுத்துவிட வேண்டும். டியூபானாலும் கைப்பையில் வைக்காதீர்கள், திரவக் கணக்கில் பிடித்துவிடுவார்கள். நான் இரண்டு டியூபை அப்படித்தான் இழந்தேன். பேர்னுக்குக் கொண்டுபோகும் பெட்டியிலும் இடம் மிச்சமில்லை. காய்ச்சலுக்கு வெந்நீரில் மார்மைட் (அதுவும் ஈஸ்ட் பசைதான்) கரைத்துக் குடித்துப் பழகிய அம்மாவுக்கு, செனோவிஸ் நாற்பது வருடமாகியும் பிடிபடவில்லை. ஒவ்வொருமுறை கிளம்பும் முன்னும் போன் வரும்: "பிள்ளை, மார்மைட் பெரிய போத்தலாப் பார்த்து வாங்கி வா. இங்கத்தைய சாமான் அந்த ருசி இல்லை."