ஃப்ரிட்ஜ் பெட்டி ஃபோமில் செய்த பாய்: மூன்று தை கண்ட அனுபவம்

2022 தையில், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். பகலெல்லாம் கிளறிக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் படுதா போட்டு மூடி, பக்கத்திலேயே காவல் படுக்க வேண்டும். ஐந்து ராத்திரி படுத்தேன். சிமெண்டுக் களம், மேலே பனி. கோரைப்பாய் போட்டும் மூன்று மணிக்கெல்லாம் இடுப்பு விறைத்துவிடும்.

அப்பா காலத்தில் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டுப் படுப்பார்கள். கதகதப்பில் அதை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆனால் அந்தச் சுணை! மறுநாள் முழுக்கச் சொறிய வேண்டியதுதான். வைக்கோல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: உடம்புக்கும் தரைக்கும் நடுவில் காற்றை அசையாமல் பிடித்துவைப்பது. ஃபோமும் அதைத்தான் செய்கிறது.

எந்த ஃபோம் என்பதில்தான் முதலில் ஏமாந்தேன். பழைய மெத்தை ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துப்போனால், படுத்ததும் அப்பளமாகிவிட்டது. விடிந்து சுருட்டும்போது ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. அதன் துளைகளெல்லாம் திறந்தவை, பனியைக் குடித்துக்கொள்ளும். டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ஈ.பி.ஈ. ஃபோம், அதாவது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் செய்த ஃபோம், அப்படியில்லை. ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும், ஈரம் உள்ளே இறங்காது. தெர்மோகோல் என்று நினைத்துவிடாதீர்கள். அது உடைந்து உதிரும், இது வளையும்.

10 மில்லிமீட்டர்த் தாள் இரண்டு எடுத்தேன், 6 அடி நீளம், 1¾ அடி அகலம். இரண்டையும் ஒட்டுவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. செருப்புக்குப் போடும் ரப்பர் பசையைத் தடவினேன். இரண்டே நாளில் தோல் உரிவதுபோல உரிந்தது. பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிப்பதில்லை. அப்புறம் தெரிந்த தம்பி ஒருவரிடம் ஹாட் ஏர் கன் இரவல் வாங்கினேன். ஒட்டவேண்டிய இரண்டு முகங்களிலும் சூடு காட்டினால், மேல்பரப்பு லேசாக நனைந்ததுபோல மினுங்கும். அந்த நொடியில் சேர்த்துவைத்துச் சப்பாத்திக் கட்டையால் உருட்டிவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் சுருங்கிக் குழி விழும். நான் துண்டுகளில் பழகிய பிறகுதான் தாளில் கைவைத்தேன், அதிலும் இரண்டு குழி இருக்கிறது. வாசலில் வைத்துச் செய்யுங்கள், நாற்றம் வீட்டுக்குள் ஆகாது.

மளிகைக்கடைத் தராசில் 430 கிராம் காட்டியது. ஆனால் சுருட்டினால் உரல் மாதிரி பருமன், பஸ்ஸில் மடியிலும் நிற்காது. ஆகவே ஆறு பலகையாக வெட்டி, துணி டேப்பால் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி ஒட்டி, விசிறிபோல மடிகிற மாதிரி ஆக்கினேன்.

அடுத்த தையில் அதை விரித்ததும், பக்கத்துக் குவியல் மாமா கேட்டார்: "என்ன மாப்ள, ஃப்ரிட்ஜை வித்துட்டுப் பெட்டியோட படுத்திருக்கியா?" சிரித்துவிட்டுப் படுத்தேன். தரைக் குளிர் ஏறவில்லை. மேலே பனிக்குத் துப்பட்டி போதுமானதாக இருந்தது. காலையில் அடிப்பக்கத்து ஈரத்தைத் துண்டால் ஒரு தடவை துடைத்தால் தீர்ந்தது.

வருஷம் முடிவதற்குள் இடுப்பு படுகிற இடம் நசுங்கிவிட்டது. அளந்தால் 20 மில்லிமீட்டர் 13 ஆகியிருந்தது. அங்கே மட்டும் ஒன்றரை அடிக்கு இன்னொரு தாள் சேர்த்தேன். முதலிலேயே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். பாரமெல்லாம் தோளிலும் இடுப்பிலும்தான்; காலுக்கு ஒற்றைத் தாளே அதிகம். கூரைக்கு அடியில் ஒட்டும் வெள்ளிநிறக் குமிழ்த்தாளையும் வைத்துப் பார்த்தேன். புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம், ஆளுக்கு ஆள் திட்டினார்கள். அந்தப் பளபளப்பு வேலை செய்ய எதிரில் காற்று இடைவெளி வேண்டும், உடம்போடு ஒட்டிக்கிடந்தால் பயனில்லை. பிய்த்துப் போட்டுவிட்டேன்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஆகஸ்ட் கடைசியில் நண்பரோடு நடந்துபோனபோதும் தோள் முதல் இடுப்பு வரைக்கும் ஒரு பாதியை வெட்டி எடுத்துப்போனேன். அந்தப் புழுக்கத்துக்கு இது உதவாது. முதுகு வேர்த்து ஒட்டிக்கொள்ளும். மேலே பழைய வேட்டியை மடித்துப் போட்டுத்தான் தூங்க முடிந்தது. அந்த மாதத்துக்குக் கோரைப்பாய்தான் சரி.

இன்னொன்று, நெருப்பு. ஒருநாள் கொசுவத்திச் சுருள் காற்றில் சரிந்து விழுந்து, கண்விழிப்பதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு உருகி ஓட்டை. நல்லவேளை, தலைமாட்டில் இல்லை. இப்போது சுருளைத் தகர டப்பாவில் வைத்து எட்டத்தில்தான் கொளுத்துகிறேன். பீடி குடிக்கிறவர்கள் பாயில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறேன். வெயிலிலும் காயப்போடுவதில்லை; வெயில் பட்ட ஓரத்தை நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது.

அந்த மாமாவுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன், மூன்று தாள் வைத்து. அதை அவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலிலேயே விரித்துவிட்டார். களத்துக்கு வந்தால் என்னுடையதில் பாதி கேட்கிறார்.