பார்ட்டிஷன் டேபிளும் 1064 பிழையும்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பெரிய டேபிள்களை மாத வாரியாகப் பார்ட்டிஷன் போட்டு, அதாவது ஒரே டேபிளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பழைய டேட்டாவை டெலீட் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டாம். ஒரு பார்ட்டிஷனை ட்ராப் செய்தால் வேலை முடிந்தது. அதற்காகவே இந்த வசதியை விடமாட்டேன். ஆனால் டேபிளை உருவாக்கும்போது அது படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

கட்டளையின் எழுத்திலக்கணம் தப்பினால் (சின்டாக்ஸ் பிழை) வரும் 1064 என்ற எண்ணைப் பார்த்ததுமே பலர் மொத்த ஸ்கிரிப்டையும் மாற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. அந்த மெசேஜில் 'நியர்' என்ற சொல்லுக்குப் பிறகு மேற்கோளுக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள். கட்டளையைப் படித்துப் பிரிக்கும் பார்சர் எங்கே முட்டி நின்றதோ அங்கிருந்துதான் அது தொடங்கும். கோளாறு அந்த இடத்தில் இருக்கும், இல்லையென்றால் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். மேற்கோள் 'என்ஜின்=இன்னோடிபி' (டேட்டாவைச் சேமிக்கும் என்ஜினைக் குறிப்பிடும் பகுதி) என்று தொடங்கினால் இன்னோடிபியில் ஒரு குறையும் இல்லை; அதை 'பார்ட்டிஷன் பை' பகுதிக்குப் பின்னால் எழுதியதுதான் சிக்கல். என்ஜின், கேரக்டர் செட் எல்லாம் முன்னால் வர வேண்டும், பார்ட்டிஷன் கடைசியில். மூடும் அடைப்புக்குறியில் தொடங்கினால், பெரும்பாலும் கடைசி பார்ட்டிஷனுக்குப் பின் ஒரு கமா மிச்சம் இருக்கும். மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லையா? எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு பார்ட்டிஷனின் மேல் எல்லையைச் சொல்லும் 'லெஸ் தேன்' என்பதற்குப் பின் வரும் மதிப்பு அடைப்புக்குறிக்குள்தான் இருக்க வேண்டும். மேல் எல்லையே இல்லை என்று சொல்லும் 'மேக்ஸ்வேல்யூ' மட்டும் அடைப்புக்குறி இல்லாமலும் செல்லும். அதைப் பார்த்துவிட்டு 2023-ஐயும் வெறுமனே எழுதுகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று, பார்ட்டிஷன் போடும்போது வருவதெல்லாம் சின்டாக்ஸ் பிழை அல்ல. 1503 வந்தால் எழுத்தில் தப்பு இல்லை. பார்ட்டிஷன் பிரிக்கும் காலம் (டேபிளின் நெடுவரிசை) பிரைமரி கீயில் இடம்பெறவில்லை என்று அர்த்தம். யூனிக் கீக்கும் இதே விதிதான். 1493 என்றால் எல்லைகள் ஏறுவரிசையில் இல்லை. 1659 என்றால் தேதி நெடுவரிசையை அப்படியே, எல்லை வைத்துப் பிரிக்கும் 'ரேஞ்ச்' உள்ளே கொடுத்திருக்கிறீர்கள். 'ரேஞ்ச் காலம்ஸ்' என்று மாற்றினால் சரியாகிவிடும். இந்த மூன்றுக்கும் கமாவைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'லெஸ் தேன்' கிடையாது. தாய் டேபிளை முதலில் உருவாக்கி, ஒவ்வொரு பார்ட்டிஷனையும் தனி டேபிளாக 'ஃப்ரம்', 'டு' எல்லைகளோடு உருவாக்க வேண்டும். 'டு' மதிப்பு அந்தப் பார்ட்டிஷனில் சேராது. ஜனவரிக்கு '2024-01-31' வரை என்று எழுதினால் சின்டாக்ஸ் பிழை எதுவும் வராது. பிப்ரவரிப் பார்ட்டிஷன் ஒன்றாம் தேதியில் தொடங்கினால், 31-ஆம் தேதி வரிசைக்கு (ரோ) இடமில்லாமல் இன்சர்ட் தோற்றுவிடும். 11-ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் டீஃபால்ட் பார்ட்டிஷனைச் சேர்த்து வைத்தால் அந்த வரிசை அதில் போய் உட்காரும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பிழையே வராத ஒரு விஷயம். மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ கிரியேட் டேபிள்' கொடுத்தால் பார்ட்டிஷன் பகுதி மட்டும் 50100 போன்ற எண்ணோடு ஒரு கமென்ட்டுக்குள் வரும். சர்வர் அதைக் கட்டளையாகவே படிக்கும். கமென்ட்டுகளை நீக்கும் ஏதாவது கருவி வழியாக அந்த ஸ்கிரிப்ட் போனால், டேபிள் பார்ட்டிஷனே இல்லாமல் சத்தமின்றி உருவாகிவிடும். அதனால் உருவாக்கிய கையோடு ஒரு செலக்டுக்கு, அது எப்படி ஓடும் என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டு, 'பார்ட்டிஷன்ஸ்' நெடுவரிசையில் பெயர்கள் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.