கேஸ்கெட் தனியா வராது மேடம்: என் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ரிப்பேரான கதை

எஸ்பிரெஸ்ஸோ மெஷினின் வயதைக் கைப்பிடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதிதில், காபித்தூள் போடும் கைப்பிடிக் கிண்ணத்தை, அதாவது போர்ட்டாஃபில்டரை, மாட்டித் திருப்பினால் கைப்பிடி நேராக நம் வயிற்றைப் பார்த்து நிற்கும். கடிகாரக் கணக்கில் ஆறு மணி. உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் சூட்டில் கெட்டிப்படக் கெட்டிப்பட, இறுக்கம் கிடைக்க இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ள வேண்டியிருக்கும். ஐந்தரை, ஐந்து, நாலரை என்று கைப்பிடி பின்னோக்கிப் போகும். என்னுடையது நாலு மணியைத் தொட்டிருந்தது. ஓரத்தில் ஒழுகினாலும் காபி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் காலை, தண்ணீரே வரவில்லை.

அறிகுறிகளைச் சொல்கிறேன், இதே மாதிரி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும். விளக்கு எரிகிறது, பாய்லர் சூடாகிறது. பட்டனை அழுத்தினால் பம்ப் உறுமுகிறது. போர்ட்டாஃபில்டரை மாட்டுகிற வாயான குரூப் ஹெட்டில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஸ்டீம் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் பீறிட்டு வருகிறது. அப்படியென்றால் பம்ப் உயிரோடு இருக்கிறது, பாய்லரில் தண்ணீரும் இருக்கிறது, குரூப்புக்குப் போகும் வழியில் எங்கேயோதான் அடைப்பு. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

வீடியோ எடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். ஒரு வருட வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டதால் இலவசம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பதில் எஸ்டிமேட்டாக வந்தது: பம்ப் ஒன்று, பாய்லர் அசெம்ப்ளி ஒன்று, லேபர், ஜிஎஸ்டி. பெங்களூருக்கு அனுப்பும் செலவு என்னுடையது. எல்லாம் கூட்டினால் புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டது. ஸ்டீம் குழாயில் தண்ணீர் வருகிறதே, பம்ப் எதற்கு என்று போனில் கேட்டேன். "சேஃப்டிக்காக மாத்திடுறது நல்லது மேடம்" என்றார் அந்தப் பையன். சரி, கேஸ்கெட்டாவது அனுப்புங்கள் என்றேன். "கேஸ்கெட் தனியா வராது மேடம், குரூப் ஹெட் அசெம்ப்ளியாத்தான் வரும்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது, இன்னும் இறங்கவில்லை. பிரஷர் குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்துப் பாத்திரக் கடையில் போய் "அஞ்சு லிட்டர் குக்கருக்கு ஒண்ணு குடுங்க" என்கிறோம். கடைக்காரர் ஆணியில் தொங்கும் கொத்திலிருந்து ஒன்றை உருவித் தருகிறார். குக்கரையே மாற்றச் சொல்வதில்லை. இதுவும் அதே வேலையைச் செய்யும் வளையம்தான்: தொண்ணூறு டிகிரிக்கு மேல் சூட்டில், ஒன்பது பார் அழுத்தத்தில் வாயை அடைத்துப் பிடிப்பது. கெட்டுப்போகும் என்று தெரிந்தே பொருத்துகிற பாகம். அதைத் தனியாக விற்க மாட்டேன் என்பது என்ன வியாபாரம்?

கடைகளில் இருக்கும் பெரிய மெஷின்களின் போர்ட்டாஃபில்டர் பெரும்பாலும் 58 மி.மீ. வீட்டு மெஷினிலும் அந்த அளவு இருந்தால் வேறு கம்பெனி கேஸ்கெட் தேடிப் பிடிக்க வழி உண்டு. என்னுடையது அதைவிடச் சிறிய, அவர்களுக்கே சொந்தமான அளவு. ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதிலும் தேடிப் பார்த்தேன், என் மெஷின் கம்பெனி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த ரிப்பேர் சட்டத்தின் பட்டியலில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், போன் எல்லாம் உண்டு. காபி மெஷின் கிடையாது. எஸ்பிரெஸ்ஸோவைக் கண்டுபிடித்த கண்டத்திலேயே இதுதான் நிலைமை.

நல்லவேளை, நான் இருப்பது கோயமுத்தூர். ஆவாரம்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் கிரைண்டருக்கு அவர்தான் வைத்தியர். எஸ்பிரெஸ்ஸோ மெஷினை அவர் அதுவரை தொட்டதில்லை. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "இதுல என்னங்க அம்மிணி இருக்குது, ஒரு பாய்லரு, ஒரு பம்பு, ஒரு வால்வு. இதுக்காங்க பெங்களூர் போகச் சொன்னாங்க?" என்றார்.

பம்பைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அதில் சுழலும் மோட்டாரே கிடையாது. ஒரு காயில், நடுவில் ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு டயோடு. கரண்டின் ஒரு பாதி அலையை மட்டும் டயோடு விடுகிறது. அப்போது காயில் பிஸ்டனை இழுக்கிறது, மறு பாதியில் ஸ்பிரிங் திருப்பித் தள்ளுகிறது. நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 50 தடவை. அந்த உறுமல் சத்தமே அதுதான். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பம்பு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். ஸ்டீம் குழாய் சொன்னதும் அதேதானே.

குற்றவாளி சோலினாய்டு வால்வு. குரூப்புக்குத் தண்ணீரை விட்டு, காபி இறங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தத்தைக் கீழே இருக்கும் டிரேக்குள் திறந்து விடுகிற சின்னக் கதவு அது. அதன் துளையில் ஒரு வெள்ளைத் துணுக்கு உட்கார்ந்திருந்தது. சுண்ணாம்புப் படிவம். எங்களுக்குக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர், அதில் உப்பு குறைவு. கோடையில் சிறுவாணி குறையும்போது வேறு தண்ணீர் கலக்கத்தான் செய்யும். வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் காபி சப்பென்று இருக்கும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த உப்பு இருக்கலாம் என்று சொன்னதும் ருசிக்காகத்தான். ஆக, ருசி வேண்டுமென்றால் கொஞ்சம் படிவமும் வரும். அதைக் கரைக்கத்தான் டீஸ்கேல் செய்கிறோம். முழுக்கக் கரையாமல் பாய்லர் சுவரிலிருந்து உரிந்த துணுக்கு போய் வால்வில் சிக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் மேனுவல் சொல்வதில்லை. வால்வைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, ஊதி, திரும்ப மாட்டினார். தண்ணீர் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள் கேட்ட தொகைக்கும் இவர் வாங்கியதற்கும் உள்ள தூரத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கேஸ்கெட்டுக்கு அவரே அடுத்த தெருவில் ஒரு பட்டறையைக் காட்டினார். பழையதை வெர்னியரில் அளந்தார்கள். உணவுக்கு உகந்த சிலிக்கான் ஷீட்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முதலில் வெட்டியது அரை மில்லி தடிமன் கூடுதல், கைப்பிடி ஏழு மணிக்கே நின்றுவிட்டது. அடுத்தது சரியாக ஆறு மணி. உபரியாகவும் வெட்டி வாங்கி டப்பாவில் போட்டிருக்கிறேன்.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். இந்த மெஷினைத் திறக்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். பசை போட்டு ஒட்டவில்லை, விசேஷப் பூட்டு ஸ்க்ரூ இல்லை. இந்தக் காலத்தில் இதற்கே ஒரு கும்பிடு போடலாம். குரூப் பித்தளை, உடம்பு ஸ்டீல், எதுவும் ஆடவில்லை. 20 பார் என்று பெட்டியில் பெருமை அடித்துக்கொள்ளும் மெஷின்கள் உண்டு. எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தேவை ஒன்பது பார்தான், மீதி விளம்பரம். என்னுடையதில் அழுத்தத்தை அந்த ஒன்பதில் நிறுத்தும் வால்வைச் சரியாக வைத்திருக்கிறார்கள். ஏற்காடு அரபிகா 18 கிராம் போட்டால் அரை நிமிடத்துக்குள் 36 கிராம் தேன் பதத்தில் இறங்குகிறது. புது கேஸ்கெட் போட்டதும் ஓர ஒழுக்கு நின்று, காபி முன்பைவிடக் கனமாக வருகிறது. டிரே மட்டும் சின்னது, எப்போதும் நிரம்பி வழியும். அதைப் பற்றிப் பேச இப்போது மனமில்லை.

பண்டிகைத் தள்ளுபடியில் இதன் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் வாங்கலாமா என்று கேட்டார். காபியைப் பொறுத்தவரை இந்த விலையில் இதைவிட நல்ல மெஷினை நான் பார்த்ததில்லை என்றேன், உண்மைதான். வாங்காதீர்கள் என்றும் சொன்னேன். பணம் கட்டுவதற்கு முன் கம்பெனிக்கு போன் செய்து கேஸ்கெட் மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், "அசெம்ப்ளி" என்ற சொல் வந்தால் வைத்துவிடுங்கள், 58 மி.மீ. மெஷின் ஒன்றைத் தேடுங்கள் என்றேன்.

"அவ்வளவு கோபம்னா உங்களோடத எனக்கு செகண்ட்ஹேண்டா குடுத்துடுங்க, கேஸ்கெட்டோட" என்றார். அதெல்லாம் முடியாது.