காலிக் கோட்டைக்கு டூர் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இலங்கை டூர் ஏற்பாடு செய்யும் ஓர் ஆள், 'காலிக் கோட்டைக்குள் தங்கல், கடலோரக் குடும்ப டூர்' என்று வாட்சாப்பில் விளம்பரம் அனுப்புகிறார். பள்ளி விடுமுறை நெருங்குவதால் அது இப்போது மறுபடியும் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. நாங்கள் அவரிடம் காசு கட்டிப் போய் வந்த குடும்பம். அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கையின் தெற்கே, காலி என்ற ஊரில் கடலோரம் இருக்கும் இந்தக் கோட்டை வெறுமனே பார்த்துவிட்டு வரும் இடிபாடு இல்லை. போர்த்துகீசியர் தொடங்கி வைத்ததை 1640க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பெரிய மதிலாகக் கட்டினார்கள். அந்த மதிலுக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தேவாலயம், வீடுகள் எல்லாம் உண்டு. 2004 சுனாமியில் வெளியே இருந்த டவுன் சீரழிந்தபோது உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காப்பாற்றியது அந்த மதில்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மதில் மேல் நடப்பதும், கடலில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பதும்தான் அங்கே போவதன் முழு சுகம்.

அம்மாவுக்கு முட்டி வலி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து இருப்பது. கோட்டைக்குள்ளேயே ஓட்டல் என்றால் பத்தடி நடந்து மதிலோரம் உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் இந்த டூரை எடுத்தோம். அந்த ஆளிடம் கேட்டபோது, "அக்கா, கதவத் தெறந்தா கோட்டைச் சுவருதான், கவலையே வேணாம்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஹிக்கடுவ. கோட்டையிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம். போன் போட்டுக் கேட்டால், "அக்கா, அதுவும் காலி மாவட்டந்தான்" என்றார். மாவட்டம் காலிதான். ஆனால் நாங்கள் காசு கொடுத்தது மாவட்டத்துக்கு இல்லை.

போன வழியும் அப்படித்தான். விமான நிலையத்திலிருந்து காலி வரைக்கும் அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது. வேன் டிரைவர் அதை விட்டுவிட்டுப் பழைய கடலோரச் சாலையில் போனார். முதலில் மசாலாத் தோட்டம், அப்புறம் கொஸ்கொடவில் ஆமைப் பண்ணை, அப்புறம் மீட்டியாகொடவில் சந்திரகாந்தக் கல் கடை. அந்தக் கடையில் எங்களை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, கறுப்புத் துணி விரித்த தட்டில் மோதிரம் மோதிரமாக எடுத்து வைத்தார்கள். அம்மா கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். அதற்கும் நகை அலமாரிகளைச் சுற்றிக்கொண்டுதான் வழி. ஒன்றும் வாங்காமல் எழுந்ததும் டிரைவர் முகம் மாறிவிட்டது. கமிஷன் அவருக்கு மட்டும் போகிறதா, இங்கே சுங்கை சிப்புட்டில் நம்மிடம் காசு வாங்கியவருக்கும் பங்கா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓட்டலுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

மறுநாள் நட்டநடு மத்தியானத்தில் கோட்டைக்குக் கூட்டிப்போய், ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்றார்கள். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே உள்ள பள்ளிவாசல் பக்கம் நிழலில் அம்மாவை உட்கார வைத்தோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் தமிழில் விசாரித்தார். நுழைவுக் கட்டணம் என்று தலைக்கு 80 வெள்ளி கட்டியிருக்கிறோம் என்றதும் அவர் திகைத்துப் போனார். "இதுக்கு டிக்கட் ஒண்டும் இல்லியே மகள், நாங்க இதுக்குள்ளதானே இரிக்கிறம்!" கோட்டைக்குள் போவதும் மதில் மேல் நடப்பதும் இலவசம். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் வந்ததே ஒரு கல்வெட்டுக்காக. சீனத் தளபதி செங் ஹோ நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது. நம் மொழி கடல் வணிகத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 'கோட்டையில் தமிழ்க் கல்வெட்டு தரிசனம்' என்று பயண அட்டவணையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் கல் 1911இல் காலியில் கிடைத்தது உண்மை. ஆனால் அசல் கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். கொழும்பு வழியாகத்தான் திரும்பினோம், ஆனால் அங்கே நிறுத்தவே இல்லை. மாமா வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. காசு போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

காலிக்குப் போகிறவர்கள் ஓட்டலின் பெயரோடு தெருப் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்லர் தெரு, சர்ச் தெரு, லெயின் பான் தெரு, லைட்ஹவுஸ் தெரு என்றால் கோட்டைக்கு உள்ளே. மாத்தறை ரோடு, கொழும்பு ரோடு, வக்வெல்ல ரோடு என்றால் வெளியே. 'கோட்டைக்குப் பக்கம்' என்று மழுப்பினால் கட்டாதீர்கள்.

இந்த ஆளுக்குச் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் கிடையாது. திரும்பி வந்து அந்த அமைச்சின் (மோட்டாக்) இணையத்தளத்தில் தேடினோம், பெயரே இல்லை. 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் டூர் நடத்துவது குற்றம். நிறுவனக் கணக்கு எண் கொடுக்காமல் சொந்தக் கணக்கில் போடச் சொல்வதும் இவர் வழக்கம். லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், நீங்களே தளத்தில் தட்டிப் பாருங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நாங்கள் வழக்குப் பதிந்துவிட்டோம். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். இவரிடம் ஏமாந்த வேறு குடும்பங்களும் டவுனில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். பேங்க் ரசீது, வாட்சாப் பேச்சு, அவர் கொடுத்த அட்டவணை மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் மாமா உட்கார்ந்து நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.