எல்லை அலாரமா, மீன் செயலியா? இறுதியாண்டு புராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்

ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள் கணினி அறிவியல் இறுதியாண்டுக்கு வந்துவிட்டால், இரண்டு தலைப்புகள் தவறாமல் வரும். ஒன்று, படகு கடல் எல்லையை நெருங்கினால் அலாரம் அடிக்கும் கருவி. இன்னொன்று, போட்டோவைப் பார்த்து மீனின் பெயர் சொல்லும் செயலி. இரண்டையும் செய்த மாணவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் மீனைத்தான் சொல்வேன்.

எல்லை அலாரத்தின் தேவை உண்மையானது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் கடல். இந்தியாவும் இலங்கையும் 1974-ல் போட்ட ஒப்பந்தத்தின் எல்லைக் கோடு அதற்குள்தான் போகிறது. கோட்டைத் தாண்டிக் கைதான ஆள் எப்போது திரும்புவார் என்று காத்துக் கிடந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இந்தத் தலைப்பை மனதார எடுக்கிறார்கள்.

ஆனால் ஆராய்ச்சி என்று பார்த்தால் அதில் மிச்சம் குறைவு. எல்லை என்பது சில புள்ளிகளை இணைத்த கோடு. படகுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட ஒரு பக்க நிரல் போதும். அப்புறம் கரைக்கு எஸ்எம்எஸ் போகும் என்று சிம் கார்டு மாட்டுவார்கள். ஜிபிஎஸ் நடுக்கடலிலும் வேலை செய்யும், செல்போன் டவர் அவ்வளவு தூரம் எட்டாது. கல்லூரி மைதானத்தில் சோதித்தால் இது எப்படித் தெரியும்? தவிர, ஜிபிஎஸ் பல படகுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இதே தலைப்பைத்தான் எடுப்பேன் என்றால் கேள்வியை மாற்றுங்கள்: இன்ஜின் நின்ற படகை நீரோட்டமும் காற்றும் எந்தப் பக்கம் தள்ளும், கோட்டைத் தொட எத்தனை நிமிடம் ஆகும்? ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் காற்று, அலை, நீரோட்ட முன்னறிவிப்புகளைத் தருகிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

சரி, மீனுக்கு வருவோம். படத்தில் இருப்பது என்ன என்று அடையாளம் காணும் மொபைல்நெட் என்ற கணினி மாதிரி (மாடல்) 2017-லேயே வந்துவிட்டது. சாதாரண போனிலேயே ஓடும். மாதிரியைப் பழக்குவது ஒரு நாள் வேலை, படம் சேர்ப்பதுதான் ஆறு மாத வேலை. இணையத்தில் கிடைக்கும் படத்தில் ஒற்றை மீன் வெள்ளைப் பின்னணியில் படுத்திருக்கும். ஏலக்கூடத்தில் சூடையும் காரலும் நகரையும் ஒன்றாய்க் குவிந்து கிடக்கும். மேலே ஐஸ், ஈரத்தரையில் வெயிலின் பளபளப்பு, ஓரத்தில் யாரோ ஒருவரின் கால்.

ஒரு குழு மண்டபம் என்ற ஊரில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வந்தது. துல்லியம் நூற்றை நெருங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். அதே செயலியைத் தொண்டியில் திறந்தபோது பாதிகூடச் சரியாக வரவில்லை. ஒரே குவியலின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டன. செயலி கற்றது மீனை அல்ல, மண்டபத்துத் தரையை. பிறகு ஊர்வாரியாகப் படங்களைப் பிரித்து, ஒரு ஊரில் பழக்கி வேறு ஊரில் சோதித்தார்கள். மதிப்பெண் இறங்கியது, ஆனால் அந்த அறிக்கையில்தான் ஆராய்ச்சி இருந்தது.

பெயரும் லேசுப்பட்டதல்ல. காரலில் பல இனங்கள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். பெயர்ப்பட்டியலைக் காட்டியதும் மீன் விற்கும் ஒரு அக்கா வாங்கிப் பார்த்து, "தம்பி, இதையும் இதையும் ஒண்ணாப் போட்டிருக்கியே, ரெண்டும் ஒரே விலையா போகும்?" என்று கேட்டார். அன்றே பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. அதன் கிளை இன்றும் அங்கே இருக்கிறது. அறிவியல் பெயரில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு.

பாசி வளர்ப்பு மிதவையில் சென்சார் கட்டுவது மூன்றாவது ஆசை. உப்பும் ஒட்டுச்சிப்பியும் சேர்ந்து அதைச் சீக்கிரம் மூடிவிடும். கருவியைக் கழுவுவதிலேயே பருவம் போய்விடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

மீனை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கல்லூரியில் புராஜெக்ட் ரிவியூவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். மார்ச் முடிவதற்குள் மூன்று ஊர்களிலாவது படம் எடுத்துவிடுங்கள்.