ஹார்ட் டிஸ்க்கை மீட்கக் கொடுத்து மூன்றாம் மெய்ப்பை இழந்தேன்: ஓர் எச்சரிக்கை

கோவையில் 19 ஆண்டுகளாக டிடிபி தொழில் செய்து வருகிறேன். சிறு பதிப்பகங்களுக்கும், சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோருக்கும் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. கடந்த ஆண்டு ஜூலை மாதம் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதடைந்தபோது, அதிலிருந்த கோப்புகளை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கடையில் அதைக் கொடுத்தேன். இரண்டு மாதங்களில் 23,500 ரூபாய் செலவாயிற்று. ஓரளவு மீட்கக்கூடிய நிலையில் இருந்த டிஸ்க், இனி எவராலும் மீட்க முடியாத நிலையில் என்னிடம் திரும்பி வந்தது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது, அதை நான் கேட்கவில்லை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பழைய நூல்கள் பெரும்பாலும் வேறொரு டிஸ்க்கிலும் இருந்தன. கடைசி எட்டு மாத வேலைக்குத்தான் வேறு பிரதி இல்லை. அவற்றுள் ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகளாகச் சேகரித்த கொங்குப் பகுதி வேளாண் சொற்களின் அகராதி. 340 பக்கங்கள். முதல் இரண்டு மெய்ப்புகளை, அதாவது பிழை திருத்துவதற்காக எடுக்கும் அச்சுப்படிகளை, நாங்கள் இருவரும் பார்த்து முடித்திருந்தோம். மூன்றாம் மெய்ப்பில் அவர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் திருத்தியும் புதிய சொற்களைச் சேர்த்தும் கொடுத்திருந்தார். அந்தத் திருத்தங்களை எல்லாம் கணினியில் ஏற்றி முடித்துவிட்டு, எங்கள் தொழிலின் வழக்கப்படி மெய்ப்புத் தாள்களைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட்டேன். மே மாதம் ஐயா காலமானார். நூலை அவருடைய முதலாண்டு நினைவு நாளில் வெளியிட வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டிருந்தார்.

மடிக்கணினி இயங்கிக்கொண்டிருந்தபோதே மேசையிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது திரை உறைந்து நின்றது. உள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டது. இங்கே நான் செய்த தவற்றை மறைக்காமல் சொல்கிறேன். அணைத்து அணைத்துப் பத்துப் பன்னிரண்டு முறையாவது மீண்டும் இயக்கிப் பார்த்தேன். ஒருமுறை அது விண்டோஸ் வரை வந்து, தானாகவே டிஸ்க்கைச் சரிபார்க்கத் தொடங்கியபோது மகிழ்ச்சியுடன் அதை ஓடவும் விட்டேன். மடிக்கணினிகளில் உள்ள ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. அவற்றின் மேல் படிக்கும் முனையாகிய ‘ஹெட்’ சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், காற்றின் தாங்கலில் மிதந்தபடி இயங்குகிறது. விழுந்த அதிர்ச்சியில் அந்த முனை வளைந்தோ பழுதுபட்டோ இருந்தால், இயக்கும் ஒவ்வொரு முறையும் அது தட்டின் மேல் உரசி, தகவல் பதிந்துள்ள பூச்சையே சுரண்டிவிடக்கூடும். அந்த ‘டக், டக்’ ஒலி, முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் அடையாளம். அந்த ஒலி கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்; மறுபடி ஒருமுறைகூட இயக்கக் கூடாது. இது எனக்கு அன்று தெரியாது.

கடையைத் தொலைபேசியில் அழைத்தபோது, “எந்த டிஸ்க்கா இருந்தாலும் எடுத்துடலாம் சார், 99 சதவீதம் கியாரண்டி, 2,500 ரூபாய்தான்” என்றார் பேசியவர். டிஸ்க் எப்படிப் பழுதானது, விழுந்ததா, ஒலி வருகிறதா, எத்தனை முறை இயக்கிப் பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் குணப்படுத்துகிறேன் என்று சொல்லும் மருத்துவரை நாம் நம்ப மாட்டோம், இங்கே நம்பினேன். நேரில் சென்றபோது முன்பணமாக 2,500 ரூபாயைப் பெற்றுக்கொண்டு, ‘1 டிபி டிஸ்க், டேட்டா ரெகவரி’ என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண் அதில் இல்லை. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

மூன்றாம் நாள் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. என் டிஸ்க்கை யூஎஸ்பி கம்பியால் ஒரு கணினியுடன் இணைத்திருந்தார்கள். திரையில் என் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன; அகராதியின் கோப்புறையும் அவற்றுள் இருந்தது. கண்கள் கலங்கிவிட்டன. அகராதி ஐயாவின் மகளை அழைத்து, “கிடைத்துவிட்டதம்மா” என்று அன்றிரவே சொன்னேன். அவசரப்பட்டுச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

இரண்டு நாள் கழித்து, டிஸ்க்கின் அடியில் உள்ள பிசிபி போர்டு (மின்சுற்றுப் பலகை) எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும், 6,000 ரூபாய் என்றார்கள். கொடுத்தேன். பத்து நாள் கழித்து, உள்ளே ஹெட் போய்விட்டது, மும்பையில் உள்ள கிளீன் ரூமுக்கு (தூசி நீக்கிய அறைக்கு) அனுப்ப வேண்டும், 15,000 ரூபாய் என்றார்கள். பட்டியல் கண்முன்னே தெரிந்துவிட்ட பிறகு மறுக்க மனம் வரவில்லை. இவர்களுடைய தொழிலின் ஆணிவேர் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கோப்புகளின் பெயர்களைக் காட்டிவிட்டால், அவற்றுக்கு உரியவர் அதன்பின் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். மும்பைக்கு அனுப்பியதற்கான கூரியர் ரசீதைக் கேட்டபோது, அது அலுவலக நடைமுறை, வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்றார்கள்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு பென் டிரைவையும் டிஸ்க்கையும் திருப்பித் தந்தார்கள். 61,000-க்கும் மேற்பட்ட கோப்புகள், 83 சதவீத மீட்பு என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலானவை விண்டோஸின் சின்னஞ்சிறு ஐகான் படங்கள், இணைய உலாவி தானாகச் சேமித்துவைக்கும் விளம்பரப் படங்கள், எவரிடமும் எளிதாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள். பெயர்கள் அனைத்தும் அழிந்து, ஓர் ஆங்கில எழுத்தும் நீண்ட எண்ணும் மட்டுமே மிஞ்சியிருந்தன. நான் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் 40-க்கும் குறைவு. அவற்றுள் திறந்தவை மூன்று, மூன்றும் திருமண அழைப்பிதழ்கள். மீட்பின் அளவைக் கோப்புகளின் எண்ணிக்கையால் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்களுக்கு வேண்டிய பத்துக் கோப்புகளின் பெயர்களை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, அவை திறக்கின்றனவா என்பதை மட்டுமே அளவுகோலாக வையுங்கள்.

அதைவிட என்னை நடுங்கவைத்த ஒன்று அதே பென் டிரைவில் இருந்தது. எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களும், ஓர் ஆதார் அட்டையின் படமும், ஒரு வங்கிக் கணக்கு அறிக்கையும் அதில் கிடந்தன. வேறொரு வாடிக்கையாளருக்காக எடுத்தவற்றை அழிக்காமல் அதே இடத்தில் என்னுடையவற்றையும் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகள் என்னிடம் வந்தன என்றால், என் வாடிக்கையாளர்களின் கோப்புகள் எவரிடம் போய்ச் சேர்ந்தனவோ. அந்த ஆவணங்கள் வந்த செய்தியைப் புகாரில் குறிப்பிட்டிருக்கிறேன்.

நண்பர் ஒருவர் வழிகாட்ட, டிஸ்க்கைப் பெங்களூரில் உள்ள வேறோர் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் முதலில் கேட்டது, “இதற்கு முன் யார் திறந்தார்கள்?” என்பதுதான். மேல் ஒட்டியின் கீழ் மறைந்திருக்கும் திருகாணி வரை கழற்றப்பட்டு, இரண்டு திருகாணிகள் இல்லாமலே மூடப்பட்டிருந்தது. தூசி வடிகட்டிய பெட்டிக்குள் வைத்துத் திறந்து, உருப்பெருக்கியின் வழியே எனக்கும் காட்டினார். மேல் தட்டின் ஓரத்தில் ஒரு விரல் ரேகை. அதற்கு உட்புறமாக வட்டவட்டமாகச் சுரண்டிய கீறல்கள். சில இடங்களில் பூச்சு முழுவதும் போய், அடியில் உள்ள கண்ணாடி தெரிந்தது. போர்டும் என் டிஸ்க்கினுடையது அன்று. ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றாலும் போர்டை அப்படியே மாற்றிவிட முடியாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து பதிந்த விவரங்கள் அதன் போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் இருக்கும், அந்தச் சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ புதிய போர்டுக்கு மாற்றினால்தான் டிஸ்க் தன்னை அடையாளம் காணும் என்று விளக்கினார். என் பழைய போர்டைப் பற்றிக் கடையில் கேட்டபோது, தூக்கி எறிந்துவிட்டோம் என்றார்கள். ஆய்வகத்தில் எந்தக் கட்டணமும் வாங்கவில்லை.

அவரிடம் அந்த முதல் காணொளியைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. காணொளி எடுத்த நாளில் டிஸ்க் படிக்கக்கூடிய நிலையில் இருந்தது. ஆனால் கடைக்காரர்கள் பழுதுபட்ட டிஸ்க்கின் மேலேயே மீட்பு மென்பொருளை நேரடியாக ஓடவிட்டிருந்தார்கள். படிக்க முடியாத இடத்தில் அது மீண்டும் மீண்டும் முட்டி மோதும். ஏற்கெனவே தளர்ந்திருந்த ஹெட் அதிலேயே முறிந்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. முறையான வழி வேறு. முதலில் செக்டார் செக்டாராக, அதாவது தகவல் பதியும் சிறு சிறு பகுதிகளாக, முழு டிஸ்க்கையும் இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். எளிதாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, கடைசியில் மட்டுமே அவற்றுக்குத் திரும்ப வேண்டும். இப்படிச் செய்வதற்கு ‘டிடிரெஸ்கியூ’ என்ற கட்டற்ற மென்பொருளே இருக்கிறது. ஆய்வகங்களில் இதற்கெனத் தனிக் கருவிகளும் உண்டு. கோப்புகளைத் தேடும் வேலை அனைத்தும் அந்த நகலில்தான் நடக்க வேண்டும். மூல டிஸ்க் ஒரு முறை, மிகக் கவனமாக, படிக்கப்படும், அவ்வளவே.

ஆகவே, டிஸ்க்கைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: முதலில் நகல் எடுப்பீர்களா, அல்லது நேரடியாக ஸ்கேன் செய்வீர்களா? திறக்க வேண்டி வந்தால் எங்கே, என்ன ஏற்பாட்டில் திறப்பீர்கள், என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் திறக்க மாட்டீர்கள்தானே? பழுதை ஆராய்ந்து சொன்ன பிறகு மொத்தத் தொகையை எழுதித் தருவீர்களா? எடுத்து நீக்கிய உறுப்புகள் அனைத்தையும் திருப்பித் தருவீர்களா? என் கோப்புகளின் பிரதியை எத்தனை நாளில் அழிப்பீர்கள்? வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி டிஸ்க்கைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதே எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நல்ல ஆய்வகம் இந்தக் கேள்விகளால் சினம் கொள்ளாது. பார்க்காமலே விழுக்காடு சொல்லவும் செய்யாது. குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று எனக்கும் இருவர் சொன்னார்கள். உள்ளே ஈரம் படிந்து தட்டுகள் மேலும் கெடும், அதைச் செய்யாதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பற்றியும் சில சொற்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து முதலில் புகாரைப் பதிந்தேன். கடையிலிருந்து பதில் வராததால் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்தேன். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். என்னிடம் முறையான ரசீது இல்லாத நிலையிலும், யூபிஐ வழியாகச் செலுத்திய மூன்று தொகைகளின் பதிவும், அந்தக் காணொளியும், ஆய்வகம் எழுதித் தந்த அறிக்கையும் சான்றாக நிற்கின்றன. முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதது என் நல்லூழ்.

அகராதி ஐயாவின் வீட்டில் இரண்டாம் மெய்ப்பின் ஓர் அச்சுப்படி கிடைத்தது. அதை வைத்து மீண்டும் தட்டச்சு செய்து வருகிறேன். இன்று 140-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். மாலை நேரங்களில் அவருடைய மகள் வந்து உடன் அமர்ந்து படிக்கிறார். மூன்றாம் மெய்ப்பில் ஐயா சேர்த்த புதிய சொற்களில் நினைவுக்கு வருபவற்றைத் தனித்தாளில் குறித்து வருகிறோம். இதுவரை 26 சொற்கள். திருத்தங்களில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் அமைப்பை அவர் ‘கவலை’ என்று எழுதியிருந்ததை, பிழை என்று எண்ணி நான் ‘கமலை’ என்று மாற்றியிருந்தேன். மூன்றாம் மெய்ப்பில் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “எங்கள் ஊரில் கவலைதான், மாற்ற வேண்டாம்” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டாம் மெய்ப்பில் இன்னும் ‘கமலை’ என்றே இருக்கிறது. “அண்ணா, இது அப்பா சொல்லும் சொல் இல்லையே” என்று அவருடைய மகள் நேற்று அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். ‘கவலை’ என்று திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றோம்.